மூலிகை மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்காது என்று எப்போது சொல்லலாம்?

"இந்த மூலிகை மருந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதில்லை, ஆய்வில் உறுதி" என்று ஒரு செய்தி வருகிறது. சில நாள் கழித்து, அதே வகை மருந்தைச் சாப்பிட்டவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்ததாக இன்னொரு செய்தி. படிப்பவர் எதை நம்புவது?

யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் இரண்டு செய்திகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆய்வில் 28 நாள் மருந்து கொடுத்திருப்பார்கள். நோயாளி இரண்டு வருடம் சாப்பிட்டிருப்பார். ஆய்வுக்கூடத்தில் சோதித்தது சரியான மூலிகையின் சாறு. நோயாளி வாங்கியதில் வேறு ஏதோ கலந்திருக்கும். ஆய்வில் அளந்தது ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை. பாதிப்போ கிரியேட்டினின் காட்டிக்கொடுக்காத இடத்தில் நடந்திருக்கும்.

ஆகவே "பாதிப்பு எதுவும் தெரியவில்லை" என்ற வரியைப் பார்த்ததும் கேட்க வேண்டியது இதுதான்: பாதிப்பு இருந்திருந்தால் இந்தச் சோதனையில் அது தெரிந்திருக்குமா? இதற்குப் பதில் சொல்ல, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சிறுநீரகம் ஏன் எளிதில் அடிபடுகிறது

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்தாலும் உடல் எடையில் ஒரு சதவீதம்கூட வராது. ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் வழியாகத்தான் போகிறது. ரத்தத்தில் ஒரு நச்சுப்பொருள் கலந்தால், எடைக்கு மிஞ்சிய பங்கு சிறுநீரகத்துக்கு வந்து சேர்வதற்கு இது முதல் காரணம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் என்ற நுண்ணிய வடிகட்டும் அலகுகள் சுமார் 10 லட்சம் உள்ளன. நெஃப்ரானின் தொடக்கத்தில் குளோமெருலஸ் என்ற நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சு இருக்கிறது. ரத்தம் அதில் வடிகட்டப்படுகிறது. வடிந்த திரவம் அடுத்து ஒரு நீண்ட நுண்குழலுக்குள் போகிறது. நாள் ஒன்றுக்கு இப்படி வடியும் திரவம் சுமார் 180 லிட்டர். நாம் சிறுநீராக வெளியேற்றுவதோ ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மீதி எல்லாவற்றையும் நுண்குழலின் சுவரில் உள்ள செல்கள் உடலுக்குள் திரும்ப இழுத்துக்கொள்கின்றன.

தண்ணீர் திரும்பிப் போகப் போக, குழலில் மிஞ்சும் பொருள்களின் அடர்த்தி ஏறுகிறது. ரத்தத்தில் மிகக் குறைவாக இருந்த ஒரு வேதிப்பொருள், நுண்குழலுக்குள் பல மடங்கு செறிவாகிவிடும். அதோடு, குழலின் முதல் பகுதியில் உள்ள செல்கள் ரத்தத்திலிருந்து சில கரிம அமிலங்களைத் தாமாகவே உள்ளே இழுத்து வெளியேற்றும் வேலையையும் செய்கின்றன. உடலைச் சுத்தம் செய்ய அமைந்த இந்த ஏற்பாட்டின் வழியாகவே சில தாவர நச்சுகள் செல்லுக்குள் நுழைந்து குவிகின்றன. இந்தச் செல்களுக்கு ஆக்சிஜன் தேவையும் மிக அதிகம். அதனால் நச்சு வந்தால் முதலில் சாவது பெரும்பாலும் இவைதான்.

எந்தெந்த வழிகளில் கெடலாம்

"மூலிகை சிறுநீரகத்தைக் கெடுக்குமா" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. பாதிப்பு ஒரே மாதிரி வருவதில்லை. வழிக்கு வழி அடையாளமும் சோதனையும் மாறும்.

1. நுண்குழல் செல்களை நேரடியாகக் கொல்லும் தாவர நச்சு. இதற்கு மிகத் தெளிவான உதாரணம் அரிஸ்டோலோக்கிக் அமிலம். அதைத் தனியாகவே பார்க்கப் போகிறோம். தென்னாப்பிரிக்காவில் "இம்பிலா" என்ற பெயரில் மருந்தாகப் பயன்பட்ட காலிலெப்பிஸ் செடியின் கிழங்கும் இந்த வகைதான். அதில் உள்ள அட்ராக்டிலோசைடு செல்லின் ஆற்றல் உற்பத்தியையே தடுத்துவிடுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து கெடுகின்றன.

2. படிகங்கள். ஆக்சலேட் அதிகமுள்ள இலை, காய், பழச்சாறுகளைச் செறிவாக்கிக் குடித்தால், கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நுண்குழல்களை அடைத்துவிடக்கூடும். நட்சத்திரப் பழச்சாற்றை வெறும் வயிற்றில் நிறையக் குடித்து, திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் உண்டு.

3. கனஉலோகங்கள். ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம். மண்ணிலிருந்தோ தயாரிப்பின்போதோ இவை மருந்தில் சேரலாம். சில மரபு மருந்துகளில் தெரிந்தே சேர்க்கப்படுவதும் உண்டு. 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ அதற்கு மேலோ இருந்தது. பாதரசம் நுண்குழலையும் கெடுக்கும், குளோமெருலஸையும் கெடுக்கும். குளோமெருலஸ் கெட்டால் புரதம் சிறுநீரில் ஒழுகி, கால், முகம் வீங்கும். 2022-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், "நெல்-1" என்ற புரதத்தோடு தொடர்புடைய மெம்பரேனஸ் நெஃப்ரோபதி என்ற குளோமெருலஸ் நோய் வந்தவர்களில் ஒரு பகுதியினர் மரபு மருந்துகள் எடுத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. சோதிக்கப்பட்ட மருந்துகளில் பாதரசம் இருந்தது. மருந்தை நிறுத்தியபின் புரதக் கசிவு குறைந்தவர்கள் இருந்ததுதான் இதில் ஆறுதலான செய்தி.

4. உப்புச் சமநிலை குலைவது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசிக் அமிலம், அளவு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். நேர்மாறாக, பொட்டாசியம் நிறைந்த சாறுகள் ஏற்கனவே சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குலைக்கலாம்.

5. சொல்லாமல் சேர்க்கும் ஆங்கில மருந்து. மூட்டுவலிக்கான மூலிகைப் பொடி என்று விற்பதில் வலிநிவாரணியோ ஸ்டீராய்டோ கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. வலி உடனே குறையும். ஆனால் அந்த வலிநிவாரணி சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

6. மற்ற மருந்தோடு மோதுவது. மனச்சோர்வுக்கு உட்கொள்ளும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவைக் குறைத்துவிடும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவருக்கு அந்த உறுப்பை உடல் நிராகரிக்காமல் காப்பது சைக்ளோஸ்போரின்தான். அந்த மூலிகைக்குச் சிறுநீரக நச்சுத்தன்மை இல்லாவிட்டாலும் சிறுநீரகம் போகும்.

இந்த ஆறில், ஆரோக்கியமான எலிக்குச் சுத்தமான சாற்றைச் சில வாரம் கொடுத்துப் பார்க்கும் சோதனையால் கண்டுபிடிக்கக்கூடியவை முதல் இரண்டும், நான்காவதில் பாதியும்தான்.

பிரஸ்ஸல்ஸில் நடந்தது

மூலிகை மருந்தும் சிறுநீரகமும் என்ற துறையே ஒரு சம்பவத்துக்குப் பிறகுதான் தீவிரமானது. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கும் மருத்துவமனை ஒன்று, 1990-ல் தன் மருந்துக் கலவையில் இரண்டு சீன மூலிகைகளைச் சேர்த்தது. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில், 50 வயதுக்குட்பட்ட, அதுவரை சிறுநீரகக் கோளாறே இல்லாத பெண்கள் வேகமாகச் சிறுநீரகத்தை இழக்கத் தொடங்கினார்கள். 1993-ல் முதல் ஒன்பது பேரைப் பற்றிய அறிக்கை வெளியானது. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டது தெரிந்தது.

காரணம், மூலிகை மாறிப்போனது. ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற கிழங்கு வர வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி வந்திருந்தது. சீன மொழியில் ஒன்று "ஹான் ஃபாங் ஜி", மற்றது "குவாங் ஃபாங் ஜி". பெயர் நெருக்கம், உலர்ந்த துண்டுகளைப் பார்த்தால் வித்தியாசமும் எளிதில் தெரியாது. இரண்டாவதில்தான் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருந்தது.

சிறுநீரகம் போனதோடு முடியவில்லை. இந்த அமிலம் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு, தனக்கே உரிய மரபணு மாற்றத்தை உண்டாக்குகிறது. இறுதிக்கட்டச் சிறுநீரகச் செயலிழப்புக்கு வந்துவிட்டவர்களில் 39 பேர், முன்னெச்சரிக்கையாகத் தங்கள் பழைய சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் அகற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். அகற்றிய திசுக்களைப் பார்த்தபோது 18 பேருக்குப் புற்றுநோய் ஏற்கனவே இருந்தது. 2000-ல் வெளிவந்த கணக்கு இது. 2002-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, அரிஸ்டோலோக்கியா கலந்த மூலிகை மருந்துகளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பட்டியலில் சேர்த்தது.

இதில் மனத்தை உறுத்துவது, இந்த அமிலம் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது 1982-லேயே பிரசுரமாகியிருந்தது என்பதுதான். ஜெர்மனி அதற்குள் இந்த அமிலம் உள்ள மருந்துகளை விலக்கவும் தொடங்கியிருந்தது. எட்டு ஆண்டு கழித்து, பக்கத்து நாட்டில், அதே பொருள் வேறு பெயரில் மாத்திரைக்குள் போனது. ஆய்வறிவு இருந்தும் அது பயன்படாமல் போனது, மருந்தில் என்ன இருக்கிறது என்று யாரும் சரிபார்க்காததால்.

பால்கன் பகுதியில், டான்யூப் ஆற்றின் கிளை நதிகளையொட்டிய கிராமங்களில், குடும்பம் குடும்பமாக மெல்ல மெல்லச் சிறுநீரகம் கெடும் நோய் 1950-களில் விவரிக்கப்பட்டது. பரம்பரை நோயா, குடிநீரா, பூஞ்சையா என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டோலோக்கியா செடியின் விதை மாவோடு அரைபட்டதுதான் காரணம் என்பதற்கு 2007-ல் வலுவான சான்று கிடைத்தது. "தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோம், எதுவும் ஆகவில்லை" என்ற வாதத்தை இந்தக் கிராமங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். சாப்பிட்டதும் வாந்தி வந்தால் மரபு அனுபவம் அதைக் கட்டாயம் கண்டுபிடித்து, சுத்தி செய்யும் முறையையும் அளவையும் வகுத்துவிடும். பத்து, இருபது ஆண்டு கழித்து வரும் நோயை அனுபவத்தால் மட்டும் முடிச்சுப் போட முடியாது. அந்தக் கிராமத்து மக்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். நோய் அவ்வளவு தாமதமாக வந்தது.

முதல் சோதனை மருந்தின் மீது

ஆகவே பாதுகாப்புச் சோதனை எலியிடம் தொடங்கக் கூடாது. மருந்திடம் தொடங்க வேண்டும்.

1. மூலிகையின் அடையாளம். தாவரவியல் பெயர், எந்தப் பாகம், நுண்ணோக்கியில் அதன் அமைப்பு, குரோமட்டோகிராபி என்ற வேதிப்பிரிப்பில் கிடைக்கும் வரிவடிவம். பொடியாகிவிட்டதை டி.என்.ஏ. சோதனையாலும் சரிபார்க்கலாம். நன்றாகக் கொதித்த கசாயத்தில் டி.என்.ஏ. சிதைந்திருக்கும் என்பதால் அங்கே வேதிச் சோதனைதான் கைகொடுக்கும்.

2. கலப்படமும் மாசும். காய்ந்த மூலிகையில் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு சொல்கிறது. பூஞ்சை நச்சு, பூச்சிக்கொல்லி எச்சம், ஒளித்துச் சேர்த்த மருந்துகள் ஆகியவற்றையும் தேட வேண்டும்.

3. சோதித்ததும் சாப்பிடுவதும் ஒன்றா? இதைத்தான் செய்திகள் அடிக்கடி விட்டுவிடுகின்றன. மக்கள் குடிப்பது தண்ணீரில் காய்ச்சிய கசாயம். ஆய்வில் பயன்படுத்தியது மெத்தனாலிலோ எத்தனாலிலோ எடுத்த சாறு. தண்ணீரில் இறங்கும் வேதிப்பொருள்கள் வேறு, ஆல்கஹாலில் இறங்குபவை வேறு. ஆல்கஹால் சாற்றில் கிடைத்த முடிவு, நல்லதோ கெட்டதோ, கசாயத்துக்கு அப்படியே பொருந்தாது. ஒரே மூலிகையைச் சோதித்துவிட்டு, அது சேர்ந்த பத்து மூலிகைக் கலவைக்குச் சான்றிதழ் கொடுப்பதும் இதே தவறுதான்.

கிரியேட்டினின் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

சிறுநீரகம் என்றதும் எல்லோருக்கும் தெரிந்த சோதனை கிரியேட்டினின். தசைகளிலிருந்து ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும் கழிவு இது. வடிகட்டும் வேகம் குறைந்தால் ரத்தத்தில் இதன் அளவு ஏறும். மலிவான, எங்கும் கிடைக்கும், பயனுள்ள சோதனை. ஆனால் பாதுகாப்பை நிரூபிக்க இது ஒன்றை மட்டும் நம்பினால் நான்கு சிக்கல்கள் வரும்.

முதலாவது, அது தாமதமாக ஏறும். சிறுநீரகத்துக்குச் சேமிப்புத் திறன் அதிகம். ஒரு பகுதி நெஃப்ரான்கள் செத்தால் மற்றவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டும். ஒரு சிறுநீரகத்தைத் தானம் செய்தவரின் கிரியேட்டினின் பின்னாளில் இயல்பு வரம்பிலோ அதற்கு அருகிலோ இருப்பது சகஜம். ஒரு முழு உறுப்பு போனதையே அவ்வளவு மெலிதாகக் காட்டும் சோதனை, சில லட்சம் நெஃப்ரான்கள் போனதை எங்கே காட்டப் போகிறது?

இரண்டாவது, "இயல்பு வரம்பு" என்பது ஒரு பொதுக் கணக்கு. ஒல்லியான ஒரு பெண்ணுக்கு வழக்கமாக டெசிலிட்டருக்கு 0.6 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து சாப்பிட்டபின் 1.0 ஆகிறது. அறிக்கையில் சிவப்புக் குறி எதுவும் வராது. ஆனால் அவருடைய வடிகட்டும் திறனில் ஏறத்தாழ 40 சதவீதம் போய்விட்டது. மருந்துக்கு முன் எடுத்த அளவு கையில் இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, சிறுநீரகம் கெடாமலே இது ஏறலாம். டிரைமெத்தோபிரிம், சிமெட்டிடின் போன்ற மருந்துகள், கிரியேட்டினினை நுண்குழல் வெளியேற்றும் வழியை மட்டும் தடுக்கின்றன. வடிகட்டலுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மூலிகையும் அப்படிச் செய்யலாம். தசை கரைந்தால் அளவு இறங்கும் என்பதும் உண்டு; எடைகுறைப்பு மருந்து சாப்பிட்டு மெலிந்தவருக்கு, கெட்டுவரும் சிறுநீரகத்தை இது மறைத்துவிடும். சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின்-சி என்ற புரதத்தை அளந்து பார்க்கிறார்கள். அதற்குத் தசையோடு தொடர்பு மிகக் குறைவு.

நான்காவது, குளோமெருலஸின் புரதக் கசிவு கிரியேட்டினினில் தெரியாது. பாதரசத்தால் வரும் மெம்பரேனஸ் நோயில் கால் வீங்கி நிற்கும்போதும் கிரியேட்டினின் இயல்பாக இருக்கலாம். அதற்குச் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தை அளக்க வேண்டும். அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்குமான விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டுவது எச்சரிக்கை. இங்கேயும் ஒரு பொறி உண்டு. நுண்குழல் கெட்டால் ஒழுகுவது பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற சிறிய புரதங்கள். சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டை முக்கியமாக அல்புமினைத்தான் காட்டும் என்பதால், பிரஸ்ஸல்ஸ் பெண்களுக்கு வந்தது போன்ற நோயை அது தவறவிடக்கூடும்.

இந்தக் குறைகளைத் தீர்க்கத்தான் "கிம்-1" போன்ற சிறுநீர் அடையாளப் புரதங்கள் வந்தன. நுண்குழல் செல் காயப்பட்டதும், வடிகட்டும் திறன் குறையும் முன்பே, இந்தப் புரதம் சிறுநீரில் தோன்றுகிறது. 2008-ல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எலிச் சோதனைகளுக்காக இப்படி ஏழு அடையாளங்களை ஏற்றுக்கொண்டன. கிம்-1, கிளஸ்டரின், சிஸ்டாட்டின்-சி, அல்புமின் எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் இன்று வெளிவரும் மூலிகைப் பாதுகாப்பு ஆய்வுகள் பலவற்றில் யூரியா, கிரியேட்டினின் இரண்டோடு கணக்கு முடிந்துவிடுகிறது. செலவு ஒரு காரணம். ஆனால் "பாதுகாப்பானது" என்ற பெரிய சொல்லைத் தலைப்பில் போடும் ஆய்வு அந்தச் செலவைச் செய்திருக்க வேண்டும்.

எலிச் சோதனையை எப்படிப் படிப்பது

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) வகுத்த வழிமுறைகளைத்தான் பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் பின்பற்றுகின்றன. செய்திகளில் வரும் எண்களின் பொருள் இதுதான்:

1. வழிமுறை 423 அல்லது 425: ஒரே முறை பெரிய அளவு கொடுத்து, எலி சாகிறதா என்று பார்ப்பது. "கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது" என்ற வரி பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது. நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பைப் பற்றி இது ஒன்றுமே சொல்லாது.

2. வழிமுறை 407: 28 நாள் தினமும் கொடுப்பது. குறைந்தது மூன்று அளவுகள், கட்டுப்பாட்டுக் குழு ஒன்று, ஒவ்வொரு குழுவிலும் 5 ஆண், 5 பெண் எலிகள்.

3. வழிமுறை 408: 90 நாள். குழுவுக்கு 10 ஆண், 10 பெண்.

407-ல் சிறுநீர்ப் பரிசோதனை விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அதைச் செய்யாமலேயே ஓர் ஆய்வு, வழிமுறையை முழுக்கப் பின்பற்றியதாகச் சொல்லிக்கொள்ள முடியும். அதே சமயம் சிறுநீரகத் திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது கட்டாயம். உண்மையில் இந்தச் சோதனைகளில் மிகவும் நம்பத்தக்க பகுதி அதுதான். செல்களின் விளிம்பு உதிர்ந்திருக்கிறதா, உள்ளே குமிழிகள் உள்ளனவா, குழல்களில் அடைப்பு உள்ளதா, இடைத்திசுவில் தழும்பு தொடங்கியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த நோயியல் நிபுணர், எந்தக் குழு எது என்று தெரியாமல் மதிப்பெண் போட்டிருந்தால், பத்து ரத்தப் பரிசோதனையைவிட அது மேல். கட்டுரையில் ஒரே ஒரு மங்கலான படமும் "இயல்பான அமைப்பு" என்ற ஒற்றை வரியும் மட்டும் இருந்தால் அந்த ஆய்வின் மீது நம்பிக்கை குறைய வேண்டும்.

அடுத்து அளவு. "மனிதர் சாப்பிடுவதைப் போல் பத்து மடங்கு கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை" என்பது கேட்க உறுதியாக இருக்கிறது. ஆனால் எலியின் உடல் மருந்தை நம்மைவிட வேகமாகக் கழிக்கிறது. அதனால் கிலோ கணக்கை அப்படியே ஒப்பிடாமல் உடல் மேற்பரப்பின் அடிப்படையில் மாற்றுவார்கள். எலியின் அளவை 6.2 ஆல், சுண்டெலியின் அளவை 12.3 ஆல் வகுத்தால் மனிதருக்கு ஈடான அளவு வரும். அப்படிப் பார்த்தால் எலிக்குக் கொடுத்த பத்து மடங்கு, உண்மையில் சுமார் 1.6 மடங்குதான். சுண்டெலிக்குப் பத்து மடங்கு என்றால் அது மனித அளவையே எட்டவில்லை.

எலிக்கும் மனிதருக்கும் வேறு வித்தியாசங்களும் உண்டு, இரண்டு பக்கமும். ஆண் எலியின் கல்லீரல் ஆல்ஃபா-2யு குளோபுலின் என்ற புரதத்தை உண்டாக்குகிறது. சில வேதிப்பொருள்கள் அதோடு ஒட்டிக்கொண்டு ஆண் எலியின் சிறுநீரகத்தில் துளிகளாகத் தேங்கி நோயை உண்டாக்கும். மனிதருக்கு அது பொருந்தாது. ஆகவே ஆண் எலிக்கு மட்டும் வந்த பாதிப்பை வைத்து ஒரு மூலிகையைத் தூக்கியெறிவது அநியாயம். மறுபக்கம், ஆய்வகத்து எலி இளமையானது, நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது, வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. மருந்தைத் தேடிப் போகும் மனிதரோ வயதானவராக, சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவராக, வலி மாத்திரையும் சேர்த்து விழுங்குபவராக இருக்கிறார்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். "சிறுநீரகத்தைப் பாதுகாக்கும் மூலிகை" என்று வரும் ஆய்வுகளில் பெரும்பாலும் ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியையோ சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தையோ கொடுத்து எலியின் சிறுநீரகத்தைக் கெடுப்பார்கள். கூடவே மூலிகைச் சாற்றைக் கொடுப்பார்கள். கிரியேட்டினின் ஏற்றம் குறைந்திருந்தால் "பாதுகாக்கிறது" என்பார்கள். இதிலிருந்து தெரிவது, அந்த ஒரு நச்சின் சில நாள் தாக்குதலை அந்தச் சாறு ஓரளவு தணித்தது என்பது மட்டுமே. சாறு அந்த நச்சு செல்லுக்குள் நுழைவதைத் தடுத்திருக்கலாம். மனிதருக்கு நாள்பட்டு வரும் சிறுநீரக நோயை அது குணப்படுத்தும் என்றோ, ஒரு வருடம் சாப்பிட்டால் பாதுகாப்பானது என்றோ இதிலிருந்து தாவ முடியாது.

மனிதர்களில் சோதிக்கும்போது

மனித ஆய்வு என்றால் நம்பிவிடலாமா? எத்தனை பேர், எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஓர் ஆய்வில் யாருக்குமே பாதிப்பு வரவில்லை என்றால், 3-ஐ ஆய்வில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உண்மையான பாதிப்பு விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருந்திருக்கலாம் என்பதை அது 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லும். 60 பேரில் யாருக்கும் ஒன்றுமில்லை என்றால், 3 வகுத்தல் 60, அதாவது 5 சதவீதம். இருபது பேரில் ஒருவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகூட 60 பேர் ஆய்வில் நல்ல பெயரோடு வெளியே வந்துவிட முடியும். ஆயிரத்தில் மூன்றுக்குக் குறைவு என்று சொல்லவே 1000 பேர் வேண்டும்.

இதனால்தான் மருந்து விற்பனைக்கு வந்தபின் நடக்கும் கண்காணிப்பு அவசியமாகிறது. பக்கவிளைவைப் பதிவு செய்யும் வழக்கம் எங்கே பலவீனமாக இருக்கிறதோ, அங்கே "புகாரே வரவில்லை" என்பதற்கு மதிப்பில்லை. மூலிகை சாப்பிட்டதை நோயாளி மருத்துவரிடம் சொல்வதில்லை, சொன்னால் திட்டுவார் என்ற பயம். கேட்க வேண்டிய மருத்துவரும் கேட்பதில்லை. இந்த மௌனத்தில் எத்தனையோ தகவல் தொலைகிறது.

அதே நேரம், பழியையும் ஆராய்ந்துதான் போட வேண்டும். மூலிகை சாப்பிட்டார், சிறுநீரகம் போனது என்பதால் மட்டும் மூலிகை காரணமாகிவிடாது. சிறுநீரகம் ஏற்கனவே கெட்டு, கால் வீக்கமும் அசதியும் வந்ததால்தான் அவர் மூலிகையைத் தேடிப் போயிருக்கலாம். வயிற்றுப்போக்கில் நீர் வற்றியிருக்கலாம். காரணத்தை உறுதிப்படுத்த, மருந்துக்கு முந்தைய அளவு, தொடங்கிய நாள், நிறுத்தியபின் நடந்தது, பயாப்சி முடிவு, சாப்பிட்ட அதே பொட்டலத்தின் வேதிச்சோதனை எல்லாம் வேண்டும். அரிஸ்டோலோக்கிக் அமிலம் டி.என்.ஏ.வில் விட்டுச் செல்லும் தடயத்தை ஆண்டுகள் கழித்தும் சிறுநீரகத் திசுவில் காண முடியும். அப்படிப்பட்ட கைரேகை எல்லா நச்சுக்கும் இருப்பதில்லை.

செய்தியில் பார்க்க வேண்டியவை

1. சோதித்தது எந்தத் தயாரிப்பு? மக்கள் சாப்பிடும் அதே கசாயமா, சூரணமா, வேறு சாறா?
2. அடையாளமும் கனஉலோக அளவும் சொல்லப்பட்டிருக்கின்றனவா?
3. எத்தனை நாள்? மக்கள் சாப்பிடும் காலத்தோடு ஒப்பிடும்படியாக இருக்கிறதா?
4. கிரியேட்டினினோடு சிறுநீர்ப் புரதமும் திசுப் பரிசோதனையும் உண்டா?
5. முதியவர், சர்க்கரை நோயாளி, சிறுநீரகம் பலவீனமானவர் யாராவது ஆய்வில் இருந்தார்களா? இல்லையென்றால் முடிவு அவர்களுக்குப் பொருந்தாது.

ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்

நீண்ட நாள் மூலிகை மருந்து எடுக்கப்போகிறவர், தொடங்கும் முன் கிரியேட்டினின், அதிலிருந்து கணக்கிடும் வடிகட்டும் வேகம் (இ.ஜி.எஃப்.ஆர்.), சிறுநீர் அல்புமின் விகிதம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்து அறிக்கையைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. சில வாரம் கழித்தும், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் அதே சோதனைகளைத் திரும்பச் செய்து, வரம்போடு மட்டும் ஒப்பிடாமல் தன் பழைய அளவோடு ஒப்பிட வேண்டும். இரண்டு நாளுக்குள் கிரியேட்டினின் 0.3 ஏறுவதையோ, ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்காவதையோ, எண் இயல்பு வரம்புக்குள் இருந்தாலும், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்றே மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள்.

ஏற்கனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள், ரத்த அழுத்தத்துக்கும் வலிக்கும் தினமும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. முகம், கால் வீக்கம், நுரைத்து நிற்கும் சிறுநீர், சிறுநீரின் அளவு குறைவது, இரவில் சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுவது இவற்றில் எது புதிதாக வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். போகும்போது மிச்சமிருக்கும் மருந்தை, பெயரும் தொகுப்பு எண்ணும் உள்ள உறையோடு கையில் எடுத்துச் செல்லுங்கள். அதை ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உள்ளே இருந்தது மூலிகையா, உலோகமா, வேறு மருந்தா என்பது தெரியும். அதே தொகுப்பை வாங்கிய மற்றவர்களையும் எச்சரிக்க முடியும்.